பாசிட்டிவ் என்றதும் பதற வேண்டாம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



நான் இந்தக் கல்லூரியில் 1976-77-ல் பி.யு.சி. படித்தவன். அதன்பின் மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். செயலாளர் போன் செய்து, "ஏதாவது பயனுள்ளதா அரை மணி நேரம் பேசுங்க, சர்க்கரையும் பிரஷரும் மட்டும் வேண்டாம், அதைத் தினமும் வீட்டிலேயே கேக்கிறோம்" என்றார். நியாயமான பேச்சு. எனவே வேறொரு விஷயத்தை எடுத்துக் கொண்டேன். போன ஆண்டு நம் சங்கம் நடத்திய மருத்துவ முகாமில் பலர் ரத்தம் கொடுத்தீர்கள். ரிப்போர்ட் கைக்கு வந்த வாரம் என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், ஹெபடைடிஸ் பி-ன்னு போட்டிருக்கு, பக்கத்துல பாசிட்டிவ்னு இருக்கு. எனக்கு என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு வார்த்தையில் இல்லை. ஏனென்றால் ஹெபடைடிஸ் பி என்ற பெயரில் லேபில் செய்வது ஒரு பரிசோதனை அல்ல, பல பரிசோதனைகள். அவற்றில் ஒன்றில் பாசிட்டிவ் என்றால் கவலைக்குரிய செய்தி. இன்னொன்றில் பாசிட்டிவ் என்றால் இனிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டிய செய்தி. இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதுதான் வில்லங்கம்.

இந்த வில்லங்கம் என்ன செய்யும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நர்சிங் முடித்த ஒரு பெண். படிக்கும் காலத்திலேயே மூன்று தடுப்பூசியும் போட்டுக் கொண்டவர். கல்யாணம் பேசி, தாம்பூலம் மாற்றியாகி விட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லி, இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பையனுக்கு எல்லாமே நெகட்டிவ். பெண்ணின் ரிப்போர்ட்டில் "ஹெபடைடிஸ் பி சர்ஃபேஸ் ஆன்டிபாடி: பாசிட்டிவ்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். "பொண்ணுக்குக் கல்லீரல் வியாதியாம்" என்று பேச்சு கிளம்பி விட்டது. பெண்ணின் அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு என்னிடம் வந்தார். நான் படித்துப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, இந்த இரண்டு வீட்டிலும் சேர்த்து இந்த நோய் வராது என்று துணிந்து சொல்லக் கூடிய ஒரே ஆள் உங்கள் மகள்தான். ஊசி போட வேண்டியது மாப்பிள்ளைக்கு." எழுதியும் கொடுத்தேன். ஆனாலும் அந்த இடம் கூடி வரவில்லை. ஒருமுறை கிளம்பிய பேச்சை ஒரு டாக்டர் கடுதாசி நிறுத்த முடியவில்லை. "ஆன்டிஜென்" என்பதற்கும் "ஆன்டிபாடி" என்பதற்கும் வித்தியாசம் தெரியாததால் ஒரு நல்ல சம்பந்தம் முறிந்தது. அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பு.

முதலில் ஒரு சிறு முன்னுரை. மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, அது அறிகுறி. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவதற்குப் பல காரணம் உண்டு. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து உண்டு. ஏ-யும் இ-யும் பெரும்பாலும் கெட்ட தண்ணீர், கெட்ட சாப்பாடு வழியாக வருபவை, வந்து போய்விடும். பி அப்படியல்ல. ரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தை என்ற வழிகளில் பரவும். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பலருக்கும் போடும் ஒரே சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி எல்லாம் இதில் அடக்கம். உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஆனால் கை குலுக்குவதால், ஒரே பந்தியில் சாப்பிடுவதால், ஒரே தட்டு டம்ளரால், இருமல் தும்மலால், கட்டிப் பிடிப்பதால் வராது. இதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் உடம்பில் இந்த வைரஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. நம் நாட்டில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேர். அந்த ஒரே ஆண்டில் உலகில் சுமார் 11 லட்சம் பேர் இதனால் வரும் கல்லீரல் சுருக்கத்தாலும் கல்லீரல் புற்றுநோயாலும் இறந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் இது இருப்பதே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எனவே ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். இந்த வைரஸை ஒரு திருடன் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவன் மேலே ஒரு சட்டை போட்டிருக்கிறான். உள்ளே இடுப்பில் ஒரு கத்தி வைத்திருக்கிறான். சட்டைதான் சர்ஃபேஸ், அதாவது வைரஸின் மேலுறை. கத்திதான் கோர், அதாவது உட்கரு. நம் உடம்பில் ஒரு போலீஸ் படை இருக்கிறது. அந்தப் போலீஸ்காரர்கள்தான் ஆன்டிபாடிகள். தமிழில் எதிர்ப்பொருள் என்கிறோம். சட்டையை அடையாளம் கண்டு பிடிக்கிற போலீஸ் தனி; கத்தியை அடையாளம் காண்கிற போலீஸ் தனி. இந்த ஒரு உவமையை மனத்தில் வைத்துக் கொண்டால் மூன்று பரிசோதனையும் புரிந்து விடும்.

ஒன்று: ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. கடைசியில் இருக்கும் ஏ.ஜி. என்பது ஆன்டிஜென். இது திருடனின் சட்டை. ரத்தத்தில் சட்டை கிடைத்தால் திருடன் இப்போது வீட்டுக்குள் இருக்கிறான் என்று பொருள். பாசிட்டிவ் என்றால் இன்றைக்கு உடம்பில் வைரஸ் இருக்கிறது.

இரண்டு: ஆன்டி-ஹெச்.பி.எஸ். முன்னால் 'ஆன்டி' என்று இருக்கிறது, கவனியுங்கள். சில லேப்களில் ஹெச்.பி.எஸ்.ஏ.பி. என்றும் அடிப்பார்கள். இது சட்டையைப் பிடிக்கும் போலீஸ். பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. அந்த நர்ஸ் பெண்ணுக்கு வந்தது இதுதான்.

மூன்று: ஆன்டி-ஹெச்.பி.சி. டோட்டல். இது கத்தியைப் பிடிக்கும் போலீஸ். பாசிட்டிவ் என்றால் உண்மையான திருடன் என்றைக்கோ ஒருநாள் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறான். இன்னும் இருக்கலாம், போயும் இருக்கலாம். இது பெரும்பாலும் ஆயுளுக்கும் மறையாது. போலீஸ் ஸ்டேஷனில் பழைய ரிஜிஸ்தர் மாதிரி.

ஒரு நுட்பம். தடுப்பூசியில் இருப்பது வெறும் சட்டை மட்டும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை வைத்து அந்தச் சட்டையை மட்டும் தைத்து எடுக்கிறார்கள். உள்ளே ஆளும் இல்லை, கத்தியும் இல்லை. எனவே தடுப்பூசி போட்டவருக்குச் சட்டைப் போலீஸ் மட்டும் உருவாகும். கத்திப் போலீஸ் உருவாகவே உருவாகாது. தடுப்பூசியால் வந்த பாதுகாப்பா, நோய் வந்து குணமானதால் வந்த பாதுகாப்பா என்று ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிட முடிவது இதனால்தான்.

இனி ரிப்போர்ட்டைப் படிப்போம். பேனா இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள். மலரில் அச்சாகி வரும்போது வெட்டியும் வைத்துக் கொள்ளலாம்.

மூன்றும் நெகட்டிவ்: திருடன் வந்ததும் இல்லை, காவலும் இல்லை. "எல்லாம் நெகட்டிவ், நல்லாயிருக்கேன்" என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். பாதி சந்தோஷம்தான் பட வேண்டும். கதவு திறந்திருக்கிறது. தடுப்பூசி போட வேண்டியவர்கள் இவர்கள்தான்.

ஆன்டி-ஹெச்.பி.எஸ். மட்டும் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ்: தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு.

ஆன்டி-ஹெச்.பி.எஸ்., ஆன்டி-ஹெச்.பி.சி. இரண்டும் பாசிட்டிவ், ஆன்டிஜென் நெகட்டிவ்: எப்போதோ தொற்று வந்து, உடம்பே விரட்டி விட்டது. உங்களுக்கு வந்ததே தெரியாமல் கூட இருந்திருக்கும். இவரிடமிருந்து மற்றவருக்குச் சாதாரணமாகப் பரவாது.

ஆன்டிஜென் பாசிட்டிவ், ஆன்டி-ஹெச்.பி.சி. பாசிட்டிவ், ஆன்டி-ஹெச்.பி.எஸ். நெகட்டிவ்: இப்போது தொற்று இருக்கிறது. புதிதா பழையதா என்று பார்க்க ஐ.ஜி.எம். ஆன்டி-ஹெச்.பி.சி. என்று இன்னொரு பரிசோதனை உண்டு. அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் அண்மையில் வந்தது. 6 மாதம் கழித்தும் ஆன்டிஜென் மறையவில்லை என்றால் அது நாட்பட்ட தொற்று.

ஆன்டி-ஹெச்.பி.சி. மட்டும் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ்: இதுதான் குழப்பமானது. பழைய தொற்று குணமாகி, சட்டைப் போலீஸின் எண்ணிக்கை காலப்போக்கில் குறைந்திருக்கலாம். பரிசோதனையே பொய்யாகக் காட்டியிருக்கலாம். புதுத் தொற்று குணமாகும் வழியில், சட்டை மறைந்து போலீஸ் இன்னும் வந்து சேராத இடைவெளியாக இருக்கலாம். அபூர்வமாக, திருடன் சட்டையைக் கழற்றிவிட்டு ஒளிந்திருக்கலாம். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் ரத்தம் கொடுத்தால் ஆன்டிஜென் பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். ஊசியில் போன சட்டையே ரத்தத்தில் தெரியும். 18 நாள் வரை தெரிந்ததாகப் பதிவு உண்டு. எனவே முதலில் ரத்தம், பிறகு ஊசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டவர் என் வகுப்புத் தோழர். பெயர் சொன்னால் அடிக்க வருவார். 1999-ல் ஒரு முகாமில் மூன்று ஊசியும் போட்டுக் கொண்டவர். அந்தக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பெல்லாம் இந்தத் தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வரும். ஒரு ஊசி பல நூறு ரூபாய். 1997-ல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்தது. விலை மளமளவென்று இறங்கியது. சேவைச் சங்கங்கள் ஊர் ஊராக முகாம் போட்டன. அப்படிப் போட்டவர். இப்போது அளவு பார்த்ததில் ஆன்டி-ஹெச்.பி.எஸ். 4 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் "10-க்கு மேல் இருக்க வேண்டும்" என்று அச்சடித்திருக்கிறது. "அப்ப நான் போட்டதெல்லாம் வீணா? மறுபடி மூணு ஊசியா?" என்கிறார்.

வீணாகவில்லை. விளக்குகிறேன். தடுப்பூசி முழுவதும் போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் பார்த்தால், 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் உடம்பு பாடம் கற்றுக் கொண்டு விட்டது என்று அர்த்தம். ஆரோக்கியமான இளவயதினரில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த அளவைத் தொட்டு விடுவார்கள். வயது ஏற ஏற இது குறையும். 60 வயதில் 100-க்கு 75 பேர் அளவுக்கு வந்து விடும். புகை பிடிப்பவர்கள், உடல் பருத்தவர்கள், சர்க்கரைக்காரர்கள் விஷயத்திலும் கொஞ்சம் குறைவு.

ஆனால் தொட்ட அளவு அப்படியே நிற்காது. ஆண்டுகள் போகப் போக ரத்தத்தில் சுற்றும் போலீஸ் எண்ணிக்கை குறையும். தெருவில் போலீஸ் குறைந்தால் ஸ்டேஷன் மூடிவிட்டது என்று அர்த்தமா? உடம்பில் நினைவுச் செல்கள் என்று உண்டு. திருடனின் சட்டையை அவை மறப்பதில்லை. மறுபடி அந்தச் சட்டையைக் கண்டதும் சில நாட்களில் படையைத் திரட்டி விடும். இங்கே நமக்கு இன்னொரு சாதகமும் உண்டு. ஹெபடைடிஸ் பி நிதானமான திருடன். உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்பட ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை எடுத்துக் கொள்வான். படை திரள அந்த அவகாசம் தாராளம்.

இது வெறும் ஊகம் அல்ல. அலாஸ்காவில் 1981-ல் தடுப்பூசி போட்டவர்களை 30 ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளவு 10-க்குக் கீழே போய்விட்டது. அவர்களுக்கு ஒரே ஒரு ஊசி போட்டுப் பார்த்தபோது 100-க்கு 88 பேருக்கு அளவு மீண்டும் ஏறி விட்டது. அதாவது, தாளில் எண் குறைந்திருந்தாலும் உடம்பு மறக்கவில்லை. எனவே, முழுத் தடுப்பூசி போட்ட ஆரோக்கியமானவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பதும் தேவையில்லை, பூஸ்டர் போடுவதும் தேவையில்லை. என் நண்பரிடம் சொன்னது: "நீ ஆஸ்பத்திரி வேலையில் இல்லை, டயாலிசிஸில் இல்லை. அந்த 4-ஐ வைத்துக் கொண்டு நிம்மதியாகத் தூங்கு."

யார் அளவு பார்க்க வேண்டும்? ரத்தத்தோடு புழங்கும் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ஆன்டிஜென் பாசிட்டிவ் உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, அத்தகைய தாய்க்குப் பிறந்த குழந்தை. இவர்களில் பெரியவர்கள் ஊசி முடிந்து 1 முதல் 2 மாதத்துக்குள்ளும், குழந்தைக்கு 9 மாத வயதுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகள் ஆண்டுதோறும் பார்த்து, 10-க்குக் கீழே போனால் பூஸ்டர் போட வேண்டும். அன்றைக்குப் பார்க்காமல் விட்டு, பல வருஷம் கழித்து அளவு குறைவாக வந்த மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். ஏறினால் சரி. ஏறவில்லை என்றால் மீதி ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

ஊசி போட ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் கை தூக்க வேண்டாம், நிறையப் பேர் இருப்பீர்கள். பெரியவர்களுக்கு வழக்கமான கணக்கு இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று ஊசி. நடுவில் விட்டுப் போயிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நோய் வந்து குணமானவர்களின் பாதுகாப்பும் ஆயுளுக்கு நிற்கக் கூடியது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம். திருடன் ஓடிவிட்டாலும் அவன் கைவரிசையின் ஒரு துணுக்கு கல்லீரல் செல்லுக்குள் உறங்கிக் கிடக்கும். காவல் பலமாக இருக்கும் வரை அது எழாது. புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும்போது, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து கொடுக்கும்போது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை அதிக அளவில் கொடுக்கும்போது அது விழித்துக் கொள்ளலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுத்து விடலாம். எனவே ஆன்டி-ஹெச்.பி.சி. பாசிட்டிவ் உள்ளவர்கள் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து, இத்தகைய சிகிச்சைக்குப் போகும்போது முதல் நாளே காட்ட வேண்டும். ரேஷன் கார்டு மாதிரி வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது, உண்மையிலேயே ஆன்டிஜென் பாசிட்டிவ் வந்தவர்களைப் பற்றி. இந்த அரங்கில் சில பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

பதற வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். முதலில் கார்டு டெஸ்டில் வந்த முடிவை எலைசா போன்ற முறையில் உறுதி செய்யுங்கள். பிறகு ஹெச்.பி.இ.ஏ.ஜி., வைரஸ் டி.என்.ஏ. அளவு, எஸ்.ஜி.பி.டி., வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். "லிவர் டெஸ்ட் நார்மல், அதனால எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிலர் நின்று விடுகிறார்கள். லிவர் டெஸ்ட் நார்மலாக இருக்கும்போதே வைரஸ் உள்ளே வேலை செய்யலாம். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் எல்லோருக்கும் தொடர்ந்த கண்காணிப்பு தேவை. மருந்து தேவைப்பட்டால் டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று தினம் ஒரு மாத்திரை. வைரஸை அடக்கி வைக்கும். கல்லீரல் சுருக்கத்தையும் புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கும். சர்க்கரை மாத்திரை போல நீண்ட நாள் எடுக்க வேண்டி வரும். நீங்களாக நிறுத்தக் கூடாது. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாராயம் அறவே கூடாது.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். நானே சொல்லி விடுகிறேன். இந்த வைரஸின் சட்டையை 1960-களில் முதன்முதல் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க். ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் ரத்தத்தில் கண்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார். 1976-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம். அந்தப் பிளம்பர்க்கும் நம் சென்னையின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது என்று அதில் கண்டிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மூலிகையை நம் ஊரிலேயே விஞ்ஞான முறைப்படி சோதித்தது பெருமைக்குரிய காரியம். ஆனால் இன்றைக்கு நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. "எங்க தாத்தாவுக்கு அதுலதான் சரியாச்சு" என்பீர்கள். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி, 100-க்கு 95 பேருக்கு மேல் தானாகவே சரியாகி விடும். பேர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது.

குழந்தைகள் விஷயம் நேர்மாறானது. பிறக்கும்போது தொற்றினால் 100-க்கு 90 குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கி விடும். எனவேதான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியோடு சேர்த்து. தாய்க்கு ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவது நல்லது. தாய்க்கு வைரஸ் அளவு அதிகம் என்றால் கர்ப்ப காலத்திலேயே மாத்திரை உண்டு. இப்படிச் செய்தால் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். தைவான் நாடு 1984-லேயே குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்து விட்டது. புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி என்று இதைச் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

நம் நாட்டில் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கப்பட்டது. எனவே உங்கள் பேரன் பேத்திகளுக்குப் பெரும்பாலும் காவல் இருக்கிறது. காவல் இல்லாதவர்கள் யார்? இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற நாமும் நம் பிள்ளைகளும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று ஒதுக்குகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தன் பேரனைத் தூக்கக் கூசிய ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். அவர் உபயோகிக்கும் ரேசரையும் பல் பிரஷ்ஷையும் நகவெட்டியையும் மட்டும் தனியாக வைத்தால் போதும். வீட்டில் மற்றவர்கள் ரத்தம் பார்த்து, தேவையானவர்கள் தடுப்பூசி போட்டுக் கொண்டால் தீர்ந்தது. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பேரனை மடியில் கொடுங்கள். கல்யாணமும் செய்யலாம், துணைவருக்கு முன்னதாக ஊசி போட்டு, பாதுகாப்பு வந்ததை ரத்தத்தில் பார்த்துக் கொண்டால் போதும். அந்த நர்ஸ் பெண்ணுக்கு நோய் இல்லை என்பதை மட்டும் நாம் நினைத்து வருந்தினால் போதாது. நோய் இருந்திருந்தாலும் அந்தக் கல்யாணம் நின்றிருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது, ஆயுளில் ஒருமுறையாவது, மூன்று பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆன்டிஜென், ஆன்டி-ஹெச்.பி.எஸ்., ஆன்டி-ஹெச்.பி.சி. டோட்டல். முடிவு வந்ததும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்க்காதீர்கள்; அதற்கு இடப்பக்கம் எந்தப் பரிசோதனையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் ஊசி. ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் டாக்டர். ஆன்டி-ஹெச்.பி.சி. மட்டும் பாசிட்டிவ் என்றாலும் டாக்டர். பாதுகாப்பு இருக்கிறது என்றால் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு முகாமில் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்த மேடையிலேயே தலைவரிடம் விண்ணப்பம் வைக்கிறேன். ஊசி போடும் பொறுப்பை நானும், டாக்டரான நம் மற்ற நண்பர்களும் ஏற்றுக் கொள்கிறோம். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே முடித்து விடுகிறேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.